சுத்தோதனர் கட்டிய கப்பல்

2011 ஜனவரியில் 'டிஸ்னி ட்ரீம்' கப்பல் முதல் பயணம் புறப்பட்டபோது அதன் உள்பக்க அறைகளில் ஒரு புதுமை இருந்தது. கடலைப் பார்க்க வழியே இல்லாத அந்த அறைகளின் சுவரில் வட்டமான ஒரு ஜன்னல்; அதில் கண்ணாடி இல்லை, திரை இருந்தது. கப்பலுக்கு வெளியே பொருத்திய கேமராக்கள் அந்த நொடியில் காணும் கடலை அந்தத் திரை அப்படியே காட்டியது. அலை நிஜம், வெயில் நிஜம், மேகமும் நிஜம். அவ்வப்போது ஒரு கார்ட்டூன் நட்சத்திர மீன் வந்து அந்தக் கடலின் மேல் ஒட்டிக்கொள்ளும். பலூன்களில் கட்டிய வீடொன்று அந்த வானத்தில் மிதந்து போகும். அடுத்து யார் வருவார்கள் என்று குழந்தைகள் காத்திருக்கலாம்.

ஒரு கதையுலகத்தை மையமாக வைத்து இயங்கும் உல்லாசக் கப்பல்களில் இதுபோன்ற நுணுக்கங்கள் ஏராளம். 1998 ஜூலையில் 'டிஸ்னி மேஜிக்' கடலில் இறங்கியதிலிருந்து இந்த நிறுவனம் எதையும் கதைக்கு வெளியே விட்டதில்லை. கப்பலின் சங்கு ஊதும்போது டிஸ்னி படப் பாட்டின் மெட்டு கேட்கும். உயிர்காப்புப் படகுகளை ஆரஞ்சு நிறத்தில் வைத்திருப்பது வழக்கம். மிக்கி மவுஸின் காலணி மஞ்சள் என்பதால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் தனி அனுமதி வாங்கி அவற்றுக்கு மஞ்சள் பூசினார்கள். சூதாட்ட அரங்கு கிடையாது. குடும்பம் ஒவ்வொரு இரவும் வெவ்வேறு உணவகத்துக்கு மாறும். பரிமாறுகிறவர்கள் மட்டும் மாறாமல் கூடவே வருவார்கள். இரண்டாம் இரவே உங்கள் பிள்ளைக்கு வெங்காயம் பிடிக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆசியாவுக்கென்று இந்த நிறுவனம் தேர்ந்த கப்பல் 'டிஸ்னி அட்வெஞ்சர்'. அதன் தாய்த் துறைமுகம் சிங்கப்பூர். ஜெர்மனியின் விஸ்மார் நகரில், 9,000-க்கும் மேற்பட்ட பயணிகளுக்காக, 'குளோபல் ட்ரீம்' என்ற பெயரில் கட்டத் தொடங்கிய கப்பல் அது. கட்டிய தளம் 2022 ஜனவரியில் திவாலானது. அரைகுறையாக நின்றதை அதே ஆண்டு நவம்பரில் டிஸ்னி வாங்கியது. ஏறத்தாழ 6,700 பயணிகள், 2,500 பணியாளர்கள், ஏழு கற்பனைப் பகுதிகள், கப்பலின் மேல்தளத்தில் ஒரு ரோலர் கோஸ்டர் என்று திட்டம் மாறியது. 2025 டிசம்பரில் தொடங்குவதாக இருந்த முதல் பயணம் 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அறிவித்த பயணங்கள் மூன்று அல்லது நான்கு இரவுகள். எங்கும் நிற்காது. சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள் நடுவில் எந்தக் கரையிலும் இறங்காமல் மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்குவார்கள்.

போய்ச் சேர ஓர் ஊர் இல்லாத பயணம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ரோமானிய ஞானி செனெகா தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதங்களில் இதை ஒட்டிய ஒரு கேள்வியை எழுப்பினார். கடல் கடந்து போயும் மனச்சோர்வு தீரவில்லையே என்பவருக்கு அவர் தந்த பதில், நீ உன்னையும் அல்லவா கூடவே கொண்டுபோனாய் என்பது. தனி மனிதருக்கு அது கடுமையான பதில். ஒரு குடும்பத்துக்கோ, தங்களைத் தாங்களே கொண்டுபோவதுதான் பயணத்தின் நோக்கம். அலுவலகமும் பள்ளியும் சமையலறையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்காத நான்கு நாள். பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நான்கு இரவு. அதற்கு ஓர் ஊர் தேவையில்லை. கரை காணாத கப்பல் இந்த விஷயத்தில் நேர்மையானது என்றே சொல்ல வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கப்பல்கள் பெற்றோருக்கு விற்பது, துயரம் எட்டிப் பார்க்காத ஓர் உலகம். அங்கே குப்பை கண்ணில் படாது, அழுகை நீடிக்காது, 'இல்லை' என்ற சொல் காதில் விழாது. ஒரு குழந்தைக்கு அப்படியோர் உலகத்தைச் சில நாளுக்காவது விலை கொடுத்து வாங்கித் தருவது அன்பா? அல்லது அது உலகத்தைப் பற்றி அந்தக் குழந்தைக்குச் சொல்லும் முதல் பொய்யா? புதிய கேள்வியல்ல இது. ஒரு தந்தை ஏற்கெனவே அப்படியோர் உலகத்தைத் தன் மகனுக்குக் கட்டிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

புத்தரின் தந்தை, கபிலவஸ்துவின் சுத்தோதனர் கதை பலரும் அறிந்தது. மகன் பேரரசனாவான், இல்லையேல் துறவியாவான் என்று ஆரூடம் சொன்னார்கள். துறவு வேண்டாம் என்று தவித்த தந்தை, மூப்பும் பிணியும் சாவும் மகன் கண்ணில் படாதபடி மாளிகைகளை எழுப்பினார். அசுவகோஷரின் 'புத்த சரிதம்' இதை விரிவாகப் பாடுகிறது. இளவரசன் வெளியே போக விரும்பிய நாளில், அவன் செல்லும் வீதியிலிருந்து முதியோரையும் நோயாளிகளையும் உறுப்புக் குறைந்தோரையும் முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்களாம். அப்படியும் ஒரு கிழவர் எதிரே வந்தார். தேவர்கள் அனுப்பிய கிழவர் அவர். தேரோட்டியிடம் இளவரசன் கேட்ட கேள்வியோடு தந்தை கட்டிய உலகம் சரிந்தது.

கதையின் பழைய வடிவத்தில் சுத்தோதனரின் இந்தத் தோல்வி இல்லை. பழைய பௌத்த நூல் தொகுப்புகளான பாலி நிகாயங்களில், தேரேறிப் போய்க் கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் கண்டதாகச் சொல்லப்படுகிறவர் விபஸ்ஸி. முன்னொரு யுகத்தில் வாழ்ந்த வேறொரு புத்தர். சுத்தோதனரின் மகனான கௌதம புத்தரின் பெயரில் அந்த நான்கு காட்சிகளும் பிற்காலத்தில்தான் ஏறின. தன் இளமையைப் பற்றி அவரே பேசுவதாக அங்குத்தர நிகாயத்தில் ஒரு சிறு சூத்திரம் உண்டு. வாசிக்கையில் ஏறக்குறைய ஓர் உல்லாசக் கப்பலின் விளம்பரக் கையேடு போலவே இருக்கும். குளிருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என மூன்று மாளிகைகள். மூன்று நிறத் தாமரைகளுக்கு மூன்று குளங்கள். காசிச் சந்தனம், காசித் துணி. வெயிலும் தூசியும் பனியும் படாமல் இரவு பகலாகத் தலைக்கு மேல் வெண்குடை. மழைக்காலம் நான்கு மாதமும் இசைக்கும் பெண்கள் சூழ மாளிகையை விட்டுக் கீழே இறங்கியதே இல்லை.

அந்தச் சூத்திரத்தில் தேர் இல்லை, தேரோட்டி இல்லை, வீதியில் கிழவரும் இல்லை. அத்தனை சொகுசுக்கு நடுவில், மாளிகைக்கு உள்ளேயே, ஓர் எண்ணம் அவருக்கு எழுகிறது. மூப்பு தனக்கும் உண்டு என்றிருக்க, மூத்த ஒருவரைக் கண்டு முகம் சுளிப்பது தனக்குத் தகுமா என்ற எண்ணம். அந்தக் கணமே இளமையின் செருக்கு அகன்றது என்கிறார். நோயையும் சாவையும் பற்றி அதே போல நினைத்தபோது உடல்நலத்தின் செருக்கும் உயிர் வாழ்வதன் செருக்கும் அகன்றன.

இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் பெற்றோர் யோசிக்க வேண்டிய ஒன்று. பிற்காலக் கதையின்படி இன்பம் ஒரு சிறை. உண்மை அதன் சுவருக்கு வெளியே நிற்கிறது. பழைய சூத்திரமோ இன்பத்தின் மேல் குற்றம் சொல்லவில்லை. குளங்களை வெட்டிய தந்தையைப் பற்றி அதில் ஒரு கசந்த சொல்கூடக் கிடையாது. கேள்வி எழுவதற்கு அரண்மனையே போதுமான இடமாக இருந்திருக்கிறது.

அப்படியானால் கப்பலிலும் எழலாம்.

கப்பலின் கற்பனையை மட்டும் பிரித்து எடுத்துப் பார்த்தால் அதில் குழந்தையை ஏமாற்றும் எதுவும் இல்லை. திரை ஜன்னலில் ஒட்டும் நட்சத்திர மீன் பொம்மைதான் என்று நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அதற்குக் கை அசைப்பதுதான் விளையாட்டு. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹவுசிங்கா 1938-இல் எழுதிய 'ஹோமோ லூடன்ஸ்' நூல், விளையாட்டைப் பண்பாட்டின் ஊற்றாகக் கண்டது. விளையாட்டுக்கு அன்றாடத்திலிருந்து பிரித்துக் கோடு கிழித்த இடமும் காலமும் வேண்டும், ஆடுகிறவருக்கு அது விளையாட்டு என்ற நினைவும் கூடவே இருக்கும் என்றார் அவர். கோயிலும் மேடையும் ஆடுகளமும் அவர் பார்வையில் ஒரே வகையைச் சேர்ந்த இடங்கள்.

தமிழில் இதைப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். அம்புலிப் பருவத்தில் நிலாவைக் குழந்தையோடு விளையாட வா என்று அழைப்பார்கள். நிலா வராது என்பது அழைக்கிறவருக்கும் தெரியும். சிற்றில் பருவத்தில் மணல்வீடு கட்டிய சிறுமியர், அதைக் காலால் சிதைக்க வரும் சிறுவனிடம் கெஞ்சுவார்கள். மணல் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் அந்தக் கெஞ்சல் உண்மையானது. அந்தச் சிறுவன் முருகனாகவோ கண்ணனாகவோ இருக்கலாம் என்று பாடுவதில் நம் மரபுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. கற்பனையில் மூழ்கும் குழந்தையை உண்மையிலிருந்து தப்பி ஓடுகிறது என்று கடிந்துகொள்ள இந்த மரபில் இடமே இல்லை.

ஆக, கற்பனையை விட்டுவிடலாம். சுத்தோதனர் வீதியைச் சுத்தம் செய்த செயல்தான் வேறு வகை. அங்கே ஒருவருக்கு மட்டும் விளையாட்டு என்று தெரியாது. அவருக்காக மற்றவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். கப்பலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். யார் அப்புறப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்?

பல கப்பல்களில், பயணிகளின் தளங்களுக்குக் கீழே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நீண்ட நடைபாதை ஓடும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் நெடுஞ்சாலை எண்ணைக் கொண்டு அதைப் பணியாளர்கள் 'ஐ-95' என்று அழைப்பார்கள். துவைத்த விரிப்புகளும் காய்கறிப் பெட்டிகளும் குப்பையும், ஷிப்ட் மாறும் ஆட்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். பயணிகள் அதைப் பார்ப்பதில்லை. அங்கே பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா எனப் பல நாட்டவர் வேலை செய்கிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். அந்த மாதங்களில் வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடைப்பது அரிது. 24 மணிநேரத்தில் குறைந்தது 10 மணிநேர ஓய்வு வேண்டும் என்கிறது, 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இரவு உணவின்போது உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறவருக்கு, அதே வயதுப் பிள்ளை கோவாவிலோ மணிலாவிலோ இருக்கக்கூடும்; அப்பாவைச் செல்பேசித் திரையில் பார்த்து வளர்கிற பிள்ளை.

இரு தளங்களுக்கும் நடுவிலுள்ள சுவர் எவ்வளவு தடிமனானது என்பது 2020 பிப்ரவரியில் யோக்கோஹாமாவில் தெரிந்தது. 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 2,666 பயணிகளும் 1,045 பணியாளர்களும் இருந்தார்கள். கொரோனா பரவியதும் பயணிகள் அறைகளில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போக வேண்டுமே! பணியாளர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். அறையைப் பகிர்ந்தே தூங்கினார்கள், பொது உணவுக்கூடத்தில் சேர்ந்தே சாப்பிட்டார்கள். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்கள். எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அவர்களில் சிலர் வீடியோ அனுப்பிய பிறகுதான் அந்தக் கீழ்த்தளம் உலகத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. மொத்தம் 712 பேருக்குத் தொற்று உறுதியானது.

புத்தரின் அந்தச் சூத்திரத்தில் இதுவரை சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது. மூன்று மாளிகைகளையும் தாமரைக் குளங்களையும் நினைவுகூர்கிறவர், இன்னொன்றையும் நினைவு வைத்திருக்கிறார்: வேலையாட்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை. மற்ற வீடுகளில் அடிமைகளுக்கும் வேலையாட்களுக்கும் நொய்யும் புளித்த கஞ்சியும்தான். தன் தந்தையின் வீட்டிலோ அவர்களுக்கும் நல்லரிசிச் சோறும் இறைச்சியும் கிடைத்தன என்கிறார். தன் செல்வச் செழிப்பின் அளவைக் காட்டவே சொல்லப்பட்ட வரி இது என்று உரை கூறலாம். இருக்கட்டும். சந்தனத்தையும் வெண்குடையையும் துறந்து பல்லாண்டு கழிந்த பின்னும், பரிமாறியவர்களின் தட்டு அவருக்கு மறக்கவில்லை. அந்த மாளிகையில் வளர்ந்த பிள்ளை அதைப் பார்த்திருக்கிறது. மாளிகை ஒரு பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிற பெற்றோர் எடைபோட வேண்டிய வரி இதுதான் என்று இந்தக் கட்டுரையாளர் கருதுகிறார்.

அதே கண்ணை இந்தக் கப்பலிலும் திறந்து வைக்க முடியும். பரிமாறுகிறவர் எந்த ஊர், வீட்டில் யார் யார், எப்போது திரும்பிப் போவார் என்று பிள்ளைகள் தயங்காமல் கேட்பார்கள். பெரியவர்கள்தான் 'தொந்தரவு பண்ணாதே' என்று தடுப்பார்கள். தடுக்காமல் இருப்பதே பாதி வேலை. துண்டில் யானையும் குரங்கும் மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனவர் யார், அவர் எத்தனை அறைகளைச் சுத்தம் செய்கிறார் என்று பிள்ளையோடு பேசலாம். பயணச் செலவைக் கணக்கிடும்போது பணியாளர் டிப்ஸையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டு, அது ஏன் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். மாயம் அதனால் கலைந்துவிடாது. பொம்மலாட்டத்தில் கயிறு பிடிக்கிறவரைப் பார்த்துவிட்ட பிள்ளை பொம்மையை ரசிப்பதை நிறுத்தியதில்லை.

சாவைப் பற்றிப் பேசவும் கப்பலே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மாளிகை கட்டிய தந்தை சற்றும் விரும்பியிருக்க மாட்டார் என்றாலும், கடல் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை உருவானது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்லியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பல நூறு பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி இறுகியது. இப்போது புறப்படுவதற்கு முன்பே, தாமதமானால் புறப்பட்ட உடனேயே, ஒவ்வொரு பயணியும் தன் கூடுமிடத்தைத் தெரிந்துகொண்டாக வேண்டும். கொண்டாட்டம் தொடங்கும் முன் குழந்தை காணும் முதல் நிகழ்ச்சி, லைஃப் ஜாக்கெட்டை எப்படிக் கட்டுவது என்பது. எதற்கு என்று அது கேட்கும். மஞ்சள் பூசிய படகைக் காட்டி மிக்கியின் காலணி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது நல்ல பதில்தான், முழுப் பதில் அல்ல. கப்பல் மூழ்கினால் நம்மைக் காப்பாற்ற என்பதையும் சேர்த்துச் சொன்னால், குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும்.

தாங்கும் என்பதற்குக் கடோபநிஷதம் ஒரு சிறுவனை முன்னிறுத்துகிறது. தந்தையின் கோபச் சொல்லால் யமனின் வீட்டுக்குப் போன நசிகேதன், மூன்று இரவு அங்கே சாப்பாடின்றிக் காத்திருக்கிறான். வந்த யமன் மூன்று வரம் தருகிறார். இறந்தபின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்று மூன்றாவதாகக் கேட்கிறான் சிறுவன். யமன் பதறுகிறார். யானை, குதிரை, பொன், தேர், இசைக்கருவி ஏந்திய பெண்கள், வேண்டிய அளவு ஆயுள், எல்லாம் எடுத்துக்கொள், அதை மட்டும் கேட்காதே என்கிறார். மரணத்தின் வாயிலிருந்தே வந்த உல்லாசப் பட்டியல் அது. இவையெல்லாம் நாளை வரைதான், தேரும் பாட்டும் உம்மிடமே இருக்கட்டும் என்று சிறுவன் மறுத்துவிடுகிறான். இனியதையும் நன்மை தருவதையும் வேறு வேறாகப் பிரித்து யமன் பாடம் சொல்லத் தொடங்குவது அதற்குப் பிறகு. இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் பாட்டையும் தேரையும் மறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. நசிகேதனின் கேள்விக்குப் பதிலாக விளையாட்டுப் பொருளை நீட்டியதுதான் அங்கே நடந்த தவறு. கேள்வி வராத நேரத்தில் தேரோட்டம் தேரோட்டமாகவே இருக்கலாம்.

பாட்டி உடன் வந்திருக்கும் குடும்பத்தில் இது இன்னும் எளிது. சுத்தோதனர் வீதியிலிருந்து அப்புறப்படுத்திய முதுமை இங்கே அதே மேசையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. படியேறும்போது அதற்கு ஒரு கை தேவைப்படுகிறது. மூன்று தலைமுறை ஒன்றாகப் போகும் விடுமுறையின் மிகப் பெரிய சிறப்பு இதுதான். எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலிலும் இது இல்லை.

சுத்தோதனரை இத்தோடு விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஞானம் பெற்ற மகன் கபிலவஸ்துவுக்குத் திரும்பி வந்தபோது நடந்ததை, பௌத்தத் துறவிகளின் ஒழுங்கு நூலான வினய பிடகம் பதிந்து வைத்திருக்கிறது. தாய் சொல்லி அனுப்பியபடி புத்தரின் மகனான சிறுவன் ராகுலன், தந்தையிடம் போய்த் தன் உரிமைச் சொத்தைக் கேட்டான். புத்தர் தன் சீடர் சாரிபுத்தரை அழைத்து அவனுக்குத் துறவு கொடுக்கச் சொன்னார். மகனை இழந்து, இளைய மகன் நந்தனையும் இழந்து, இப்போது பேரனையும் இழந்த கிழவர் புத்தரிடம் வந்தார். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பை அறுத்து மஜ்ஜை வரை இறங்குகிறது என்று முறையிட்டார். இனி எந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் அனுமதி இல்லாமல் துறவு தரக்கூடாது என்று வேண்டினார்.

பிள்ளைமேல் கொண்ட ஆசையால் மாளிகை எழுப்பிய அதே மனிதர்தான் இதையும் கேட்டார். பற்று துன்பத்தின் வேர் என்று போதித்தவர் அதை மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அந்த வேண்டுகோளைச் சங்கத்தின் விதியாகவே ஆக்கினார். இலங்கையிலும் தாய்லாந்திலும் மியான்மரிலும் துறவு ஏற்க வந்து நிற்கிறவரிடம் கேட்கும் கேள்விகளில், தாயும் தந்தையும் அனுமதி தந்துவிட்டார்களா என்பது இன்றும் ஒன்று.